தொழிலுக்கு ஒரு துணை

சொந்தமாக ஒரு தொழில் தொடங்க வேண்டும் என்னும் ஆர்வம் இன்று நம் நாடெங்கும் பரவியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் மத்திய அரசு 'ஸ்டார்ட் அப் இந்தியா' என்னும் திட்டத்தைத் தொடங்கி வைத்தது. அதன் பின்னர், கல்லூரியை விட்டு வெளியே வரும் இளைஞர்களும், இருபது ஆண்டு உத்தியோகம் பார்த்துச் சலித்தவர்களும் ஒருங்கே இத்துறையில் இறங்கி வருகின்றனர். இவர்களுள் பலர் தனியாகவே தொடங்குகிறார்கள். அது இயல்பே. எண்ணம் என்பது ஒருவருடைய உள்ளத்தில்தானே உதிக்கும்! ஆனால், எண்ணத்தைத் தொழிலாக்கும் வேளையில்தான், 'நமக்கு ஒரு துணை வேண்டாமா?' என்னும் கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

நாகபுரியில் ஓர் இளம் பொறியாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவ்வூர் ஆரஞ்சுப் பழத்திற்குப் பேர்போனது. பழங்களை அளவுக்கும் நிறத்துக்கும் ஏற்பத் தரம் பிரிக்கும் இயந்திரம் ஒன்றை அவர் தம் கையாலேயே அமைத்துவிட்டார். இயந்திரம் நன்றாக ஓடுகிறது. ஆயினும், அதை வாங்கும் வியாபாரியைத் தேடிச் செல்ல வேண்டும். விலை பேச வேண்டும். தவணைக்குக் கொடுத்தால் வசூலிக்க வேண்டும். பாங்கிக்கு மனு எழுத வேண்டும். வரிக் கணக்கு வைக்க வேண்டும். மண்டிக்குப் போனால் பட்டறை நின்றுவிடுகிறது. பட்டறையில் இருந்தால் மண்டி கைவிட்டுப் போகிறது. இந்த நிலையில் கல்லூரித் தோழர் ஒருவர் வந்து சேர்கிறார். தேநீர்க் கடையில் பேச்சு நடக்கிறது. 'உனக்குப் பாதி, எனக்குப் பாதி' என்று கைகுலுக்கிவிட்டு இருவரும் எழுந்துவிடுகிறார்கள்.

அந்தப் பத்து நிமிஷங்களில் அவர் செய்தது என்ன? தம் உழைப்பின் பாதியை மட்டுமா கொடுத்தார்? தம் பெயரில் கடன் வாங்கும் உரிமையையும், தம் முடிவுகளைத் தடுக்கும் அதிகாரத்தையும், தாம் இறந்தபின் தம் குடும்பத்தார் யாரோடு கணக்குப் பேச வேண்டும் என்பதையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். பத்து ரூபாய்க் கீரையை நாம் புரட்டிப் பார்த்து வாங்குகிறோம். ஆனால், தொழிலில் பாதியைக் கொடுக்கும்போது கேள்வி கேட்பதற்கே கூச்சப்படுகிறோம். இந்தக் கூச்சத்தினால் விளையும் தீங்கு மிகப் பெரிது.

துணை எதற்கு?

முதலில், துணை எதற்கு வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பணம் குறைவு என்றால் கடன் வாங்கலாம், முதலீட்டாளரை நாடலாம். ஆள் குறைவு என்றால் சம்பளத்திற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். கணக்கு எழுதத் தெரியாது என்றால் தணிக்கையாளருக்குக் கட்டணம் கொடுக்கலாம். இவற்றில் எதற்கும் தொழிலில் பாதியைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

சட்டமும் இன்று நம்மை வற்புறுத்துவதில்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் 'ஒருநபர் கம்பெனி' என்னும் புதிய வகையை நம் நாட்டில் ஏற்படுத்தியது. ஒரே மனிதர் அதன் முழு உரிமையாளராக இருக்கலாம். அவர் இறந்தாலோ, செயலற்றுப் போனாலோ அவருக்குப் பின் அதை ஏற்றுக்கொள்ள ஒருவரை மட்டும் அவருடைய எழுத்துமூலமான சம்மதத்துடன் நியமித்தால் போதும். ஆகவே, சட்டத்திற்காக ஒரு பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டிய காலம் போய்விட்டது.

அப்படியானால் கூட்டாளி எதற்கு? சம்பளத்திற்கு வந்தவர், 'ஐயா, நீங்கள் செய்வது தவறு' என்று சொல்லத் தயங்குவார். கடன் கொடுத்தவருக்கு வட்டி வந்தால் போதும். நம்மைப் போலவே இழப்பைச் சுமப்பவராய், நம்மைப் போலவே இரவில் அதைப் பற்றி எண்ணுபவராய், நம் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசும் உரிமையுள்ளவராய் ஒருவர் வேண்டும் என்றால், அவரைத்தான் கூலிக்கு வாங்க முடியாது. கூட்டாளியின் மெய்யான பயன் இதுவே. மற்றவையெல்லாம் இதனுடன் வந்தால் நன்று. இது இல்லாமல் மற்றவை மட்டும் வருமானால் அவருக்குச் சம்பளமே போதும்.

அடுத்தபடியாக, நம்மிடம் இல்லாதது எது என்பதை அறிய வேண்டும். நாகபுரி இளைஞரின் கல்லூரித் தோழரும் பொறியாளரே. இருவரும் பட்டறையில் இருப்பதையே விரும்புகிறவர்கள். ஒரே பாடம் படித்தவர்கள் கூடும்போது பேச்சு இனிக்கும். ஆனால், மண்டிக்குப் போக இன்னும் ஆள் இல்லை! ஒரு தாளை எடுத்து, இத்தொழில் ஓராண்டு நடப்பதற்குச் செய்ய வேண்டிய வேலைகளை எல்லாம் எழுத வேண்டும். நாம் நன்றாகச் செய்வது, சுமாராகச் செய்வது, செய்ய அஞ்சித் தள்ளிப்போடுவது என்று அவற்றை மூன்றாகப் பிரிக்க வேண்டும். நாம் தேடும் மனிதர் அந்த மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.

இதற்கு ஓர் உண்மை உதாரணம் உண்டு. கிரண் மஜும்தார் என்னும் அம்மையார் ஆஸ்திரேலியாவில் மதுவடிக்கும் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர். 1978-இல் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் மோட்டார்க் கொட்டகையில், பதினாயிரம் ரூபாய் முதலோடு 'பயோகான்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். நொதிப்பொருள்கள் பற்றிய அறிவு அவரிடம் இருந்தது. உலகச் சந்தை அவரிடம் இல்லை. அயர்லாந்திலிருந்த ஒரு நிறுவனத்துக்குச் சந்தை இருந்தது. இந்தியாவில் தொழில் நடத்த நம்பகமான ஆள் இல்லை. இருவரும் கூடினர். அக்காலச் சட்டப்படி அயல்நாட்டார் பங்கு 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. எனவே 70 சதவீதம் அம்மையாரிடமே இருந்தது. பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் நொதிப்பொருள் ஏற்றுமதியாயிற்று. அவரிடம் இல்லாதது இவரிடமும், இவரிடம் இல்லாதது அவரிடமும் இருந்ததாலேயே அந்தக் கூட்டு பொருந்தியது.

எங்கே தேடுவது?

துணையைத் தேடுவோர் பலரும் முதலில் உறவினரையும், அடுத்துத் தோழரையும், அதன்பின் அந்நியரையும் நாடுகின்றனர். இந்த வரிசை சரியானதன்று என்பதே நம் அபிப்பிராயம். உறவும் நட்பும் ஒருவருடைய குணத்தின் ஒரு பக்கத்தையே நமக்குக் காட்டுகின்றன. விருந்தில் இனியவர் வேலையில் எப்படியோ? தமிழில் 'பங்காளி' என்னும் சொல்லையே பாருங்கள். அது சொத்தில் பங்குடைய உறவினரைக் குறிக்கிறது. 'பங்காளிக் காய்ச்சல்' என்னும் வழக்கும் அதை ஒட்டியே பிறந்தது. பங்கு வரும் இடத்தில் காய்ச்சலும் வரும் என்பதை நம் முன்னோர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். நம்மோடு ஒரே மேசையில் வேலை செய்து, தவறு நேர்ந்த நாளிலும் நாம் பார்த்திருக்கிற மனிதரே முதல் வரிசைக்கு உரியவர்.

பம்பாயில் 1938-இல் தோன்றிய 'லார்சன் அண்டு டூப்ரோ' நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல சான்று. ஹென்னிங் ஹோல்க் லார்சன், சோரன் கிறிஸ்டியன் டூப்ரோ இருவரும் டென்மார்க் நாட்டுப் பொறியாளர்கள்; பள்ளித் தோழர்கள். ஆயினும் அவர்களைக் கூட்டாளிகள் ஆக்கியது பள்ளிக்கூட நட்பு மட்டும் அன்று. கோபன்ஹேகனில் இருந்த, சிமென்ட் ஆலை இயந்திரங்கள் செய்யும் ஒரே கம்பெனியில் இருவரும் ஊழியம் பார்த்தவர்கள். டூப்ரோ 1934-இல் நம் கோயமுத்தூரை அடுத்த மதுக்கரையில் சிமென்ட் ஆலைக்கு இயந்திரங்களை நிறுவும் பணிக்காக இந்தியா வந்தார். 1937-இல் லார்சன் வந்தார். ஒருவர் வேலையை மற்றவர் அறிவார். இந்நாட்டின் தேவையை இருவரும் நேரில் கண்டிருந்தனர். பம்பாய்க்கு அருகிலுள்ள மாத்தேரான் மலையில் விடுமுறையைக் கழித்தபோது, சொந்தத் தொழில் தொடங்குவதென்று முடிவு செய்தனர்.

அவர்களுடைய முதல் அலுவலகம் மிகச் சிறியது. ஒரு வேளையில் ஒரு கூட்டாளி மட்டுமே அதில் அமர்ந்து வேலை பார்க்க முடியுமாம்! டென்மார்க்கிலிருந்து பால்பண்ணை இயந்திரங்களை வரவழைத்து விற்கும் முகவர்களாகத் தொழிலைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டது. 1940-இல் ஜெர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியதும் சரக்கு வருவது அடியோடு நின்றது. விற்பதற்கு ஒன்றுமில்லாத வியாபாரிகள் என்ன செய்வார்கள்? பிரிந்து போயிருக்கலாம். அவர்களோ சிறு பட்டறை வைத்துப் பழுது பார்த்தார்கள். பால்பண்ணை இயந்திரங்களை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். போர்க்காலத்தில் கப்பல்களைப் பழுதுபார்க்கும் வேலையையும் ஏற்றார்கள். இன்று அது நாட்டின் மிகப் பெரிய பொறியியல் நிறுவனங்களில் ஒன்று. தொடங்கியபோது எண்ணிய தொழில் கைவிட்டுப் போனபின்னும் கூட்டு நிலைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தொழில் மாறலாம், திட்டம் மாறலாம். கூட்டாளியின் தன்மையே மிஞ்சி நிற்பது.

பிற்காலத்தில் தோன்றிய நிறுவனங்களிலும் இதையே காண்கிறோம். 1981-இல் இன்போசிஸைத் தொடங்கிய எழுவரும் அதற்குமுன் ஒரே கணிப்பொறிக் கம்பெனியில் கூடி உழைத்தவர்கள். 2007-இல் பிளிப்கார்ட்டைத் தொடங்கிய சச்சின் பன்சால், பின்னி பன்சால் இருவரும் பெயரால் உறவினர் போலத் தோன்றினாலும் உறவினர் அல்லர். டில்லி தொழில்நுட்பக் கழகத்தில் படித்து, பின்னர் ஒரே அயல்நாட்டுக் கம்பெனியில் பணிபுரிந்தவர்கள்.

ஆகவே, தனியாக நிற்பவர் முதலில் தம் பழைய அலுவலகத்தை எண்ணிப் பார்க்கட்டும். 'நெருக்கடி வந்த நாளில் யார் பக்கத்தில் இருந்தால் நமக்கு நிம்மதியாக இருந்தது?' என்று கேட்டுக்கொள்ளட்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால், தொழில் நடக்கும் இடத்திலேயே தேட வேண்டும். நாகபுரி இளைஞருக்கு ஏற்ற துணை, பழ மண்டியில் பத்தாண்டு கணக்கு எழுதியவராக இருக்கலாம். விவசாயக் கருவிகளை ஊர் ஊராக விற்றுப் பழகியவராக இருக்கலாம். பொறியாளர்கள் கூடும் கூட்டத்தில் அவர் தென்படமாட்டார்.

ஆராய்ந்து தெளிதல்

அந்நியர் ஒருவரைத் தெரிந்துகொள்வது எப்படி? திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதற்கு அடுத்ததாகவே 'தெரிந்து வினையாடல்' வருகிறது. ஆராய்ந்த பின்னரே நம்புதல்; நம்பிய பின்னரே வேலையை ஒப்படைத்தல்; இதுவே முறை. நாமோ பெரும்பாலும் வேலையை ஒப்படைத்துவிட்டு, பிறகு ஆராய்கிறோம்.

ஆராய்வதற்குச் சிறந்த வழி, பங்கு எதுவும் பேசாமல் ஒரு சிறு வேலையைச் சேர்ந்து செய்து பார்ப்பதே. மூன்று மாதம் என்று நாள் குறித்துக்கொள்ளலாம். நம் இளைஞர், 'ஒரே ஓர் இயந்திரத்தை ஒரு வியாபாரிக்கு விற்று, நிறுவி, முழுப் பணத்தையும் வசூலித்து முடிப்போம்' என்று வரையறுத்துக்கொள்ளட்டும். வருபவருடைய செலவுக்கும் உழைப்புக்கும் நியாயமான தொகை கொடுக்க வேண்டும். அக்காலத்தில் உண்டாகும் வரைபடமும் வாடிக்கையாளர் பட்டியலும் யாருக்கு உரியவை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் இருவரில் எவர் வேண்டுமானாலும், காரணம் கூறாமல், மனக்கசப்பின்றி விலகிக்கொள்ளலாம்.

இந்த நாள்களில் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, கெட்ட செய்தியை அவர் எப்போது சொல்கிறார்? வியாபாரி மறுத்துவிட்டார் என்பதை அன்றே சொல்கிறாரா, அல்லது நாம் கேட்கும்வரை மறைத்து வைக்கிறாரா? இரண்டாவது, பிறர் பணத்தை எப்படிக் கையாளுகிறார்? பத்து ரூபாய்க்குக் கணக்குத் தருபவர் பத்து லட்சத்துக்கும் தருவார். மூன்றாவது, நம்மோடு கருத்து வேறுபடும்போது என்ன செய்கிறார்? வாய்மூடி இருந்துவிட்டு மறைவில் குறை சொல்பவரும் ஆபத்து. எதற்கும் தலையாட்டுபவரும் ஆபத்தே. வேறுபாட்டை வெளிப்படையாகச் சொல்லி, முடிவான பிறகு அதை முழுமனத்துடன் நிறைவேற்றுபவரே நமக்கு வேண்டியவர். நான்காவது, தாமே குறித்த நாளில் தாமே ஏற்ற வேலையை முடிக்கிறாரா? முடியாதபோது முன்கூட்டியே தெரிவிக்கிறாரா? இவற்றை ஆராயும்போது, அவரும் நம்மை இப்படியே ஆராய்கிறார் என்பதை மறவாதிருப்பது நல்லது.

இதன் பின்னர், சில கேள்விகளை நேருக்கு நேர் கேட்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு மாதம் எவ்வளவு வேண்டும்? சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்க முடியும்? கடன் உண்டா? வீட்டார் இதற்கு இசைந்தனரா? எத்தனை ஆண்டு இதில் இருக்க எண்ணம்? நல்ல விலை வந்தால் தொழிலை விற்றுவிடுவீர்களா? எந்த நிலை வந்தால் மூடிவிடலாம் என்று நினைப்பீர்கள்? இவை மரியாதைக் குறைவான கேள்விகள் அல்ல. பெண் எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் இவற்றைவிட நுணுக்கமான கேள்விகளை நாம் கேட்கிறோம்.

விற்பதைப் பற்றிய கேள்வி அற்பமானதன்று. இன்போசிஸ் நிறுவனத்தை ஏறத்தாழப் பத்து லட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்ள 1990-இல் ஒருவர் முன்வந்தார். ஒன்பது ஆண்டு உழைத்துக் களைத்திருந்த நிறுவனர்களுள் ஐவர் கூடி விவாதித்தனர். விற்றுவிடலாம் என்னும் எண்ணமே மேலோங்கியது. அப்போது நாராயண மூர்த்தி, மற்றவர்களுடைய பங்கைத் தாமே வாங்கிக்கொள்வதாகக் கூறினார். அவ்வளவு பணம் அவர் கையில் இல்லை. ஆனால் உறுதி இருந்தது. மற்றவர்களும் மனம் மாறி உடன் நின்றனர் என்று பின்னாளில் அவரே ஒரு சொற்பொழிவில் கூறியிருக்கிறார். எல்லாக் கூட்டுகளுக்கும் இத்தகைய நல்ல முடிவு வாய்ப்பதில்லை. விலை வரும் நாளில் முதன்முறையாக இதைப் பேசுவதைவிட, தொடங்கும் நாளில் பேசிவிடுவது மேல்.

சட்டம் என்ன சொல்கிறது?

எழுத்தில் ஒன்றும் இல்லாமல் இருவர் சேர்ந்து தொழில் நடத்தி இலாபத்தைப் பகிர்ந்துகொண்டால், சட்டம் அவர்களைச் சும்மா விடுவதில்லை. 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் அவர்கள்மேல் தானாகவே வந்து அமர்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், 13-ஆம் பிரிவின்படி இலாபமும் நஷ்டமும் சரிசமம். ஒருவர் இரவு பகலாக உழைத்தார், மற்றவர் மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்தார் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. 18-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு கூட்டாளியும் நிறுவனத்தின் பிரதிநிதி. தொழிலின் பொருட்டு அவர் செய்யும் காரியம் மற்றவரையும் கட்டுப்படுத்தும். 25-ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகவும் கூட்டாகவும் பொறுப்பாளி. கூட்டாளி வாங்கிய கடனுக்காக நம் வீடும் நிலமும் போகலாம் என்பதே இதன் பொருள்.

காலவரை குறிப்பிடாத கூட்டாண்மையை, 43-ஆம் பிரிவின்படி எவரேனும் ஒருவர் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்துக் கலைத்துவிடலாம். பதிவு செய்யாத நிறுவனம், தனக்கு வர வேண்டிய ஒப்பந்தப் பாக்கிக்காகப் பிறர்மேல் வழக்குத் தொடர முடியாதபடி 69-ஆம் பிரிவு தடுக்கிறது. தேநீர்க் கடைக் கைகுலுக்கலுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கின்றன!

இந்த அபாயத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரையறுத்த பொறுப்புடைய கூட்டாண்மை அமைக்கலாம். அதில் ஒரு கூட்டாளி செய்த தவற்றுக்கு மற்றவர் சொந்த ஆஸ்தியால் ஈடுகட்ட வேண்டியதில்லை. அல்லது தனியார் கம்பெனியாகப் பதிவு செய்யலாம். அதற்குக் குறைந்தது இரண்டு பங்குதாரரும் இரண்டு இயக்குநரும் வேண்டும். வெளியாரிடம் முதலீடு பெற எண்ணுவோர்க்குக் கம்பெனியே ஏற்றது. எப்படியாயினும், இயந்திரத்தின் வரைபடமும், காப்புரிமையும், பெயரும் தனி மனிதர் எவருடையவும் ஆகாமல் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

பங்கை உழைத்துச் சம்பாதித்தல்

இனி, மிகுந்த வம்புக்கு இடமாகும் பங்கு விஷயத்துக்கு வருவோம். சரிபாதியா, அறுபதுக்கு நாற்பதா என்பதைப் பற்றியே எல்லோரும் மல்லாடுகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பங்கு எப்போது அவருடையதாகிறது?

நம் இளைஞரும் தோழரும் பதினாயிரம் பங்குகள் கொண்ட கம்பெனி அமைத்து, ஆளுக்கு ஐயாயிரம் பங்குகள் எடுத்துக்கொண்டார்கள் என்று கொள்வோம். எட்டாம் மாதம் தோழருக்கு நல்ல உத்தியோகம் கிடைத்தது, போய்விட்டார். அவர்மேல் குற்றம் இல்லை. ஆனால், ஐயாயிரம் பங்குகள் அவரிடமே இருக்கின்றன. இனி நம் இளைஞர் பத்தாண்டு பாடுபட்டாலும் பலனில் பாதி, எட்டு மாதம் இருந்தவருக்கே சேரும். புதிய கூட்டாளியைச் சேர்க்கலாம் என்றால் கொடுக்கப் பங்கு இல்லை. முதலீடு செய்ய வந்தவரும், 'தொழிலில் இல்லாத ஒருவரிடம் பாதி இருக்கிறதே!' என்று திரும்பிப் போய்விடுகிறார். நன்றாக ஓடும் இயந்திரம் பட்டறையிலேயே துருப்பிடித்துப் போகும்.

இதைத் தவிர்க்கும் முறை புதுத்தொழில் உலகில் இன்று பெருவழக்காகிவிட்டது. பங்கு முழுவதும் நான்கு ஆண்டில், அதாவது நாற்பத்தெட்டு மாதத்தில், உழைத்துச் சம்பாதிக்கப்பட வேண்டும் என்று எழுதிக்கொள்கிறார்கள். முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றும் இல்லை. ஓராண்டு முடிந்ததும் நான்கில் ஒரு பகுதி உரிமையாகிறது. அதன்பின் மாதந்தோறும் ஒரு கூறு சேர்கிறது. இதன்படி எட்டாம் மாதம் போனவர் ஐயாயிரம் பங்குகளையும் முகமதிப்புக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பதினெட்டு மாதம் இருந்து விலகுபவர் நாற்பத்தெட்டில் பதினெட்டுக் கூறு, அதாவது 1,875 பங்குகளை வைத்துக்கொண்டு, மீதி 3,125-ஐத் திருப்பிக் கொடுப்பார். உழைத்தவருக்கு உழைத்த அளவுக்கு உண்டு. இருப்பவருக்கும் அநீதி இல்லை. இந்த விதி இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். 'எண்ணம் என்னுடையது, எனக்கு இந்த விதி இல்லை' என்று தொடங்கியவர் சொல்லக்கூடாது. அவரே விலகும் நாளும் வரலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பங்கை யாருக்கு விற்கலாம், யாருக்கு விற்கக்கூடாது என்று தனியே ஒப்பந்தம் எழுதிப் பெட்டியில் வைத்தால் போதாது. ஒரு குடும்பக் கம்பெனியில் இரு கிளையினர், தத்தம் பங்குகளை விற்க நேர்ந்தால் முதலில் தம் கிளையினருக்கே கொடுப்பதென்று உடன்பாடு செய்திருந்தனர். ஆனால் அது கம்பெனியின் உள்விதிகளில் ஏறவில்லை. ஒருவர் மறு கிளைக்கு விற்றபோது வழக்கு மூண்டது. உள்விதிகளில் இல்லாத அத்தகைய கட்டுப்பாடு கம்பெனியையோ பங்குதாரரையோ கட்டுப்படுத்தாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, ஒப்பந்தத்தில் எழுதியதை உள்விதிகளிலும் சேர்த்துவிட வேண்டும். பங்கு கைமாறினால் நாம் தேர்ந்தெடுக்காத ஒருவர் நம் கூட்டாளியாகிவிடுவார். மேலே கூறிய பயோகானிலும், அயர்லாந்து நிறுவனத்தை 1989-இல் யூனிலீவர் என்னும் பெருங்கம்பெனி வாங்கியதால், அம்மையார் தேடிப் போகாமலே புதிய கூட்டாளி வந்து சேர்ந்தார்; அந்தப் பங்கை இந்தியர் கைக்கு மீட்டது 1998-இல்தான்.

பிரிவையும் எழுதுக

இருவர் கூட்டில் பெரும்பான்மை என்பது கிடையாது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் வண்டி நகராது. எனவே, எந்த விஷயத்தில் யாருடைய முடிவு இறுதியானது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வது நல்லது. இயந்திரத்தின் அமைப்பில் ஒருவர் சொல். விலையிலும் விற்பனையிலும் மற்றவர் சொல். கடன் வாங்குதல், ஆளைப் பங்கில் சேர்த்தல், தொழிலை விற்றல் ஆகியவற்றுக்கு இருவர் சம்மதமும் வேண்டும். அப்போதும் தீராவிட்டால், இருவரும் மதிக்கும் மூன்றாமவர் ஒருவரைப் பெயர் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒருவர் நோயுற்றால் என்ன? இறந்தால் அவர் குடும்பத்துக்கு என்ன? விலகுபவருடைய பங்குக்கு விலை மதிப்பவர் யார்? பணத்தை எத்தனை தவணையில் கொடுப்பது? இவற்றையெல்லாம் தொடக்கத்திலேயே எழுதுவது அபசகுனம் என்று சிலர் நினைக்கிறார்கள். அன்பு குறையாத நாளில்தான் இவற்றை நியாயமாக எழுத முடியும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மனம் கசந்தபின் எழுதும் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வரியும் வழக்காகும். தங்கள் பிரிவைப் பற்றி அமைதியாகப் பேச முடியாத இருவர், மண்டியில் பணம் முடங்கிய நாளில் அமைதியாகப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? ஆகவே, அந்தப் பேச்சையே ஒரு சோதனையாகவும் கொள்ளலாம்.

இவ்வளவு ஆராய்ந்தும் ஏற்ற துணை கிடைக்காவிட்டால் என்ன செய்வது? தனியாகவே நடப்பதுதான். ஓர் இயந்திரம் விற்றால் அடுத்ததைச் செய்யலாம். கணக்குக்கு ஆள், விற்பனைக்குத் தரகு என்று சிறிது சிறிதாக வைத்துக்கொள்ளலாம். அனுபவமுள்ள பெரியவர் ஒருவரிடம் மாதம் ஒருமுறை சென்று, கணக்கைக் காட்டி அவருடைய கண்டிப்பான அபிப்பிராயத்தைக் கேட்டு வரலாம். நடக்கிற தொழிலைத் தேடி நல்ல துணை பின்னரும் வரக்கூடும். அப்போது அவருக்குக் கொடுக்க நம்மிடம் பங்கும் மிஞ்சியிருக்கும். தனிமைக்கு அஞ்சி அவசரத்தில் சேர்த்துக்கொண்ட துணையோ, தனிமையைவிடக் கடுமையான தனிமையில் நம்மைத் தள்ளிவிடும்.

நாகபுரி இளைஞர் அந்தத் தேநீர்க் கடைக்கு மீண்டும் போகட்டும். தோழரை வெறுக்க வேண்டியதில்லை. 'பாதியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் இந்த ஓர் இயந்திரத்தை இருவரும் சேர்ந்து விற்றுப் பார்ப்போம்' என்று சொல்லட்டும். அதற்குத் தோழர் முகம் சுளித்தால், மூன்று மாதம் கழித்துத் தெரிய வேண்டியது மூன்று நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. 'சரி, நாளைக் காலை எத்தனை மணிக்கு மண்டிக்குப் போகலாம்?' என்று கேட்டாரானால், தேடிய துணை எதிரிலேயே அமர்ந்திருக்கவும் கூடும்.